பக்கவாதம் வந்து 5 மாதம்: டாக்டர் சொல்வதை நம்புவதா, உடம்பை நம்புவதா?

உங்கள் அப்பாவுக்கு 58 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வலது பக்கம் கை கால் விழுந்துவிட்டது. இப்போது வீட்டுக்குள் குச்சி இல்லாமல் நடக்கிறார், கைதான் வரவில்லை. தோளைத் தூக்குகிறார், விரல்களை மடக்குகிறார். மடக்கியதைத் திறக்கச் சொன்னால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் கொஞ்சம் அசைகின்றன. "ஆறு மாசத்துல எவ்வளவு வருதோ அவ்வளவுதான், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தப்பாவோ, உடம்புக்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளத் தெரியும், நம்பிக்கை இருந்தால் போதும், இந்த மாத்திரைகள்தான் அதைக் கெடுக்கின்றன என்கிறார். இரண்டு பேரில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ கேள்வி அதற்கும் கீழே இருப்பதாகப் படுகிறது. அப்பாவின் கைக்காக இன்னும் பாடுபட்டால் பலன் உண்டா, இல்லை அவரையும் சேர்த்து நாமே ஏமாற்றிக்கொள்கிறோமா என்பதுதானே?

நான் டாக்டர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் 22 வருடமாக நரம்பு சம்பந்தப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். உங்கள் அப்பாவை நான் தொட்டுப் பார்க்கவில்லை, ஸ்கேனும் பார்க்கவில்லை. அதனால் கீழே வருவதெல்லாம் நீங்கள் எழுதிய அந்த நாலு வரியை வைத்துத்தான்.

முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுகிறேன், அதில் பேச்சுக்கே இடமில்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, பி.பி. மாத்திரை, கொழுப்பு மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது. அவை கையைக் குணப்படுத்தத் தருபவை இல்லை. அடுத்த அடைப்பு வராமல் இருக்கத் தருபவை. அமெரிக்கக் கணக்குப்படி அங்கே வருகிற பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்களுக்கே திரும்ப வருவது. மாத்திரையை நிறுத்திவிட்டு, வந்திருந்த கையையும் பறிகொடுத்துத் திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். சித்தப்பாவிடம் இதைச் சண்டை போடாமல் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? டாக்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளில் வரவேண்டிய முன்னேற்றம் 95 சதவீதம் பேருக்குப் பன்னிரண்டரை வாரத்துக்குள் வந்து முடிந்துவிட்டது. உடம்பு செய்கிற வேலையும் அந்த மாதங்களில்தான் அதிகம். ரத்தம் நின்றுபோன இடத்தின் நடுவில் இருக்கும் மூளைச் செல்கள் சீக்கிரமே செத்துவிடுகின்றன. சுற்றி இருப்பவை அரை உயிராகக் கிடக்கின்றன. ரத்தம் திரும்பினால் அவற்றில் சில பிழைக்கின்றன. வீக்கம் வடிகிறது. அடிபட்ட இடத்தோடு தொடர்பு அறுந்ததால் வாயடைத்துப்போன தூரத்துப் பகுதிகள் மெல்ல விழிக்கின்றன. இதெல்லாம் நாம் கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும் நடப்பது. உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது என்று சித்தப்பா சொல்வதில் உண்மையான பகுதி இதுதான், உங்கள் அப்பாவுக்கு அது பெரும்பாலும் நடந்து முடிந்துவிட்டது.

அந்தக் கணக்கிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஒருவர் இடது கையாலேயே சட்டை போடப் பழகிவிட்டால் அவர் 'முன்னேறியவர்' பட்டியலில் வந்துவிடுவார். வலது கையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் தினமும் மணிக்கணக்கில் வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பது அங்கே கேட்கப்பட்ட கேள்வியே இல்லை.

அதைக் கேட்க நெடுநாள் யாரும் துணியவில்லை. நரம்பியலின் தந்தை என்று சொல்லத்தக்க ஸ்பெயின் நாட்டு ராமோன் இ காஹால், வளர்ந்த மனிதனின் மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்த முடிவானவை, எல்லாம் சாகலாம், எதுவும் திரும்ப முளைக்காது என்று நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிவைத்தார். நோபல் பரிசு வாங்கிய மனிதர் சொன்னதை யார் மறுப்பது? ஆனால் அவரே அதன் கீழே, இந்தக் கடுமையான தீர்ப்பை எதிர்கால அறிவியல் முடிந்தால் மாற்றட்டும் என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

1950களின் கடைசியில் நியூயார்க்கில் பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்ற பேராசிரியருக்குப் பக்கவாதம் வந்தது. வயது 65. பேச்சும் போய் ஒரு பக்கமும் போய்விட்டது. நாலு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் ஆகாது, ஏதாவது விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகன் ஜார்ஜ் அப்போது மருத்துவ மாணவர், பக்கவாதப் பயிற்சி பற்றி ஒன்றும் தெரியாது. குழந்தை நடக்கும் முன் தவழும்தானே என்று அப்பாவைச் சுவரோரமாகத் தவழவிட்டார். அப்புறம் வாசலில் தவழவிட்டார். ஒரு பேராசிரியரை நாய்மாதிரி தவழவிடுகிறானே என்று அக்கம்பக்கத்தார் திட்டினார்கள். தரையில் கோலிக்குண்டு உருட்டி வலது கையால் பிடிக்கச் சொன்னார். சட்டி பானை கழுவச் சொன்னார். ஒரு வருடத்தில் அந்த மனிதர் திரும்பக் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனார். ஏழு வருடம் கழித்து கொலம்பியாவில் மலை ஏறும்போது மாரடைப்பு வந்து, கொஞ்ச நாளில் இறந்தார். அதற்குப் பிறகு மூளையைப் பரிசோதித்தபோதுதான் ஆச்சரியம்: மூளையிலிருந்து கை காலுக்கு இறங்கும் பிரதான நரம்புக் கற்றையில் மிகப் பெரும்பகுதி அழிந்துதான் இருந்தது. அது ஆறவே இல்லை. மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டு மூளை வேறு வழியில் வேலையை வாங்கியிருக்கிறது. இன்னொரு மகன் பால், மூளை மாற்றிக்கொள்ளும் திறனை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தார்.

இந்தக் கதையை நான் நோயாளிகளின் வீட்டாருக்குச் சொல்வேன், ஆனால் பயந்துகொண்டே சொல்வேன். இது ஒரே ஒரு மனிதரின் கதை. அதே மாதிரி தவழ்ந்தும் வராமல் போனவர்களின் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை.

கதைக்கு மேலாக எனக்குப் பிடித்தது, ரேண்டால்ஃப் நுடோ என்ற ஆய்வாளர் 1996-ல் அணில் குரங்குகளை வைத்து வெளியிட்ட சோதனை. குரங்கின் மூளையில் கைக்கான பகுதியில் கடுகளவு இடத்தைச் சேதப்படுத்தினார். சும்மா விட்ட குரங்குகளுக்கு, சேதமாகாமல் பக்கத்தில் இருந்த கைப் பகுதியும் சுருங்கிவிட்டது. சின்னக் குழிகளில் தீனி உருண்டையைப் போட்டு, அந்தக் கையாலேயே எடுக்கப் பழக்கிய குரங்குகளுக்கு அது சுருங்கவில்லை. சிலவற்றில் முழங்கை, தோளுக்கான இடத்துக்குள்ளும் விரல்களுக்கான பகுதி பரவியிருந்தது. யாரும் பயன்படுத்தாத புறம்போக்கைப் பக்கத்து வீட்டுக்காரன் வளைத்துப்போடுவது மாதிரிதான். கையை நீங்கள் பயன்படுத்தாவிட்டால் மூளையில் அதன் இடம் பறிபோகிறது.

எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கண்டார். ஆரம்ப வாரங்களில் கையைத் தூக்கிப் பார்த்து, முடியாமல், டம்ளரைக் கீழே போட்டு, வெட்கப்பட்டு, நல்ல கைக்கு மாறிவிடுகிறோம். பிறகு கொஞ்சம் சக்தி திரும்பினாலும் அந்தக் கையை எடுப்பதில்லை, ஏனென்றால் எடுக்காமல் இருக்கவே பழகிவிட்டோம். அவர் வழி எளிது: நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போடு. இதை அமெரிக்காவில் 222 பேரிடம் சோதித்து 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். எல்லாருமே பக்கவாதம் வந்து மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆனவர்கள், அதாவது உங்கள் அப்பா நிற்கிற அதே இடம். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கை உறைக்குள், கூடவே தினமும் பல மணி நேரப் பயிற்சி. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்குக் கை நன்றாக வேலை செய்தது; ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. இது கதை இல்லை, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு. ஆகவே ஆறு மாதத்தோடு கதவு சாத்திக்கொள்ளும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் அந்த 222 பேரைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தது பத்து டிகிரியாவது தானாக மேலே விரிக்க முடிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். ஒன்றுமே திறக்காத கைக்கு அந்தச் சிகிச்சை பொருந்தவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி சித்தப்பாவைப் பற்றியதோ டாக்டரைப் பற்றியதோ இல்லை, 'ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கொஞ்சம் அசைகின்றன' என்பதுதான். மடக்குவது சுலபம், பக்கவாதம் வந்த கை தானாகவே மடங்கத்தான் பார்க்கும். திறப்பது என்றால் மூளையிலிருந்து வரும் கம்பி முழுசாக அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வில், இரண்டாம் நாளே விரலைக் கொஞ்சம் விரிக்கவும் தோளை விலக்கித் தூக்கவும் முடிந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் வந்தது. இரண்டும் முடியாதவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் வந்தது. அந்தச் சதவீதத்தை ஐந்தாம் மாதத்துக்கு அப்படியே தூக்கிப்போட முடியாது. ஆனாலும் விரல் திறக்கிறதா என்பதைத்தான் நான் இன்றும் முதலில் பார்க்கிறேன்.

மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி, பக்கவாதம் வந்து பதினாலு மாதம் கழித்து என்னிடம் வந்தார். வலது கையை வேட்டி மடியில் வைத்திருந்தார், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. என்ன வேண்டும் என்று கேட்டேன். "இடது கையால சில்லறை குடுக்கேன், வாங்குறவங்க மூஞ்சி சுளிக்காங்க. வலது கையால குடுக்கணும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி வந்தது, அவ்வளவுதான். கிளினிக்கில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு அவர் கடைக்கே போனேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணிவரை வியாபாரம் மந்தம். அந்த நேரத்தில் தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டிலிருந்து கல்லா மேசைக்கு எடுத்துவைக்க வேண்டும், திரும்பக் கீழே வைக்க வேண்டும். பற்று நோட்டின் பின்பக்கத்தில் பத்துக்கு ஒரு கோடு. முதல் வாரம் முப்பது எடுப்பதற்குள் வேர்த்துவிட்டது. கடைப் பையன் ஓடிவந்து, "அண்ணாச்சி, நீங்க இரிங்க, நான் எடுக்கேன்" என்பான். அந்தக் கடையில் அவர் கைக்குக் கெடுதலான ஒன்று இருந்ததென்றால் அந்தப் பையனின் நல்ல மனசுதான். மூன்று மாதத்தில் இருநூறு பெட்டி. சோப்புக்கட்டி வந்தது. நாணயம் மட்டும் வழுக்கிக்கொண்டே போனது. ஏழாவது மாதம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நாணயத்தை மேசை விளிம்புவரை தள்ளிக்கொண்டு வந்து, பாதி வெளியே நீட்டியதும் அடியில் கட்டைவிரலைக் கொடுத்துப் பிடித்துவிட்டார். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. பொட்டலம் மடிப்பது கடைசிவரை வரவில்லை, கையெழுத்தும் இடது கையில்தான். வலது கையால் சில்லறை கொடுக்கிறார்.

இதை எழுதிவிட்டு இன்னொன்றை மறைத்தால் நான் சித்தப்பாவைவிட மோசம். என் ஆரம்ப வருடங்களில் ஒரு லாரி டிரைவர் வந்தார், வயது நாற்பத்தைந்துக்குள். கையில் ஓர் அசைவும் இல்லை. மனுஷன் இளவயது, மனத்திடம் அதிகம், வந்துவிடும் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், "ஆறு மாசத்துல ஸ்டியரிங் பிடிப்பார், கவலைப்படாதீங்க" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் உழைத்தார், கை வரவில்லை. நான் சொன்னது நடக்காதபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை, தன்னைச் சொன்னார். தனக்கு நம்பிக்கை பத்தவில்லை, உழைப்பு பத்தவில்லை என்றார். வீட்டிலும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது, அதை நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்குத் தனியாக மருந்தும் ஆலோசனையும் வேண்டும் என்பது படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. உங்கள் அப்பா பயிற்சிக்கு மறுத்தால், எரிந்து விழுந்தால், சும்மா அழுதால், தயவுசெய்து அதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். நம்பிக்கைப் பிரசங்கம் அப்புறம் இருக்கட்டும்.

நம்பிக்கை உடம்பில் நேரடியாக என்ன செய்கிறது என்பதற்கு, வேறு நோயில் செய்த ஒரு சோதனை எனக்கு உதவுகிறது. 2011-ல் ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஒருமுறை உண்மையான இன்ஹேலர், ஒருமுறை மருந்தில்லாத போலி இன்ஹேலர், ஒருமுறை போலி அக்குபங்சர், ஒருமுறை ஒன்றும் தராமல் சும்மா உட்காரவைப்பது என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று கேட்டபோது உண்மை மருந்துக்கும் போலிகளுக்கும் ஏறக்குறைய ஒரே பதில். ஊதச் சொல்லி அளந்தபோது உண்மை மருந்தில் மூச்சு 20 சதவீதம் கூடியது. போலிகளிலும் சும்மா இருந்ததிலும் 7 சதவீதம்தான். வலி, களைப்பு, மூச்சுமுட்டல் போன்ற உணர்வுகளில் நம்பிக்கைக்குப் பங்கு பெரிது. செத்த நரம்பில் அதற்குப் பங்கு இல்லை. பக்கவாதக் கையில் அது வேறு வழியாக உள்ளே வருகிறது: வரும் என்று நினைக்கிற ஆள் முப்பதாவது தீப்பெட்டியோடு எழுந்துபோவதில்லை.

எவ்வளவு செய்யவேண்டும் என்பதில் எங்கள் துறைக்குள்ளேயே தெளிவு இல்லை. அமெரிக்காவில் பிசியோ அமர்வுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். கைக்கு உருப்படியான அசைவு சராசரியாக 32 தடவை. விலங்குச் சோதனைகளில் தினமும் நானூறு, அறுநூறு. அதனால் அதிகம் செய்தால் அதிகம் வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிறகு 85 பேரை வைத்து, மூவாயிரம் சொச்சம், ஆறாயிரம், ஒன்பதாயிரம் என்று எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால், கூட்டியதற்கு ஏற்ற பலன் தெரியவில்லை. இன்னொரு பக்கம் லண்டனில் மூன்று வாரத்தில் 90 மணி நேரப் பயிற்சி கொடுக்கிறார்கள். வருடக்கணக்கான பழைய நோயாளிகளுக்கும் நல்ல முன்னேற்றம் என்கிறார்கள், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி இல்லாத குழு அங்கே இல்லை. என் அனுபவத்தில், வேலை கொஞ்சம் கடினமாகிக்கொண்டே போகவேண்டும், அவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் வேலையாகவும் இருக்கவேண்டும். எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

வீட்டில் செய்யும் சிலவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கிக்கொண்டே இருப்பது எனக்கு உடன்பாடில்லை. அவர் கைக்கு மடக்கத் தெரியும், திறக்கத்தான் தெரியவில்லை. உத்தரத்தில் கப்பி கட்டிக் கயிற்றால் கையை மேலே இழுப்பது வேண்டவே வேண்டாம், தோள்பட்டை வலியில் கொண்டுபோய் விடும். படுக்கையிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், தோலுக்கு நல்லது, நரம்பை இணைக்காது. கண்ணாடிப் பயிற்சி செய்யலாம்: நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் அசைப்பது. நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையின் வலிக்காகக் கண்டது அது. பக்கவாதத்திலும் ஓரளவு உதவுகிறது. புறா ரத்தம் தேய்த்துவிட்டு வருபவர்கள் இன்றும் உண்டு. ஐந்தாம் மாதத்தில் தேய்த்தால் புறாவுக்குத்தான் நஷ்டம். முதல் நாளில் அதற்காக அலைந்து, மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரத்தை விட்டவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 2011-ல் ஃப்ளூவாக்ஸட்டின் என்ற மாத்திரை கையை வரவைக்கும் என்று ஒரு சின்ன ஆய்வு வந்தது, நாங்களும் குதித்தோம். 2018-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது பலன் இல்லை, எலும்பு முறிவுதான் கூடியிருந்தது. நவீன மருத்துவத்திலும் புறா ரத்தங்கள் உண்டு. அங்கே எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், அதுதான் வித்தியாசம்.

நாளைக்கு ஒரு தீப்பெட்டியை மேசையில் நிற்கவைத்து, அப்பாவின் முன்கையைப் பலகையில் ஊன்றி, எடுக்கச் சொல்லுங்கள். விரல்கள் பெட்டியைச் சுற்றித் திறக்கிறதா, எந்த விரல் முதலில் வருகிறது, ஐந்தாவது தடவையில் கை இறுகிவிடுகிறதா என்று பக்கவாட்டில் வீடியோ எடுங்கள். அதை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். "கை வருமா" என்று கேட்டால் அவருக்கு 'வரும், வராது' என்ற இரண்டு பதில்தான் உண்டு, அவர் சராசரியைச் சொல்வார். "விரல் இவ்வளவு திறக்கிறது, நல்ல கையைக் கட்டிவைத்துப் பயிற்சி செய்ய இவர் தகுதியா, இறுக்கத்துக்கு ஊசி போட்டால் இன்னும் திறக்குமா, பி.பி. அதற்கு இடம்கொடுக்குமா" என்று கேளுங்கள். வெளியே போய்ப் பயிற்சி எடுக்க வசதி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்து, அதே மேசையில், அதே தீப்பெட்டியோடு இன்னொரு வீடியோ எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேற்கொண்டு கைக்காகவா, இடது கையால் எழுதப் பழகுவதற்காகவா, எதில் நேரம் போடுவது என்று அப்பாவே சொல்லிவிடுவார்.